மலிவு விலைச் சி.டி. ரைட்டர்: விலைச்சீட்டுக்கு அப்பால் ஒரு கணக்கு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லையைத் தொடுவதற்கு முன் வரும் கர்நாடக ஊர் அத்திபெலே. தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருவோரும், எல்லை கடந்து செல்லும் சரக்கு வண்டிகளும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் கலந்து ஒலிக்கும் பேச்சும் இவ்வூரின் அன்றாடக் காட்சிகள். இங்குச் சிறிய புகைப்பட நிலையம் ஒன்றை நடத்திவரும் நம் வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். அன்று அவர் கடையில் கண்டதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓசூரிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர், தம் கைப்பையிலிருந்து பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். 2006-ஆம் ஆண்டு நடந்த அவருடைய திருமணத்தின் ஒளிப்பதிவு அது. வீட்டில் எந்தக் கருவியிலும் அது ஓடவில்லை. “இதுல எங்க அப்பா பேசறது இருக்குங்க, அண்ணா. வேற எங்கேயும் அவர் குரல் இல்லீங்க” என்றார். தந்தையார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைக்காரர் தம் மடிக்கணினியுடன் இணைத்திருந்த மெல்லிய சி.டி. ரைட்டரில் தகட்டை வைத்தார். கருவி சுழன்றது, நின்றது, மறுபடியும் சுழன்றது. தகட்டில் எதுவுமே இல்லை எனக் கணினி அறிவித்தது. அவர் மனம் தளராமல், அலமாரியின் கீழ்த்தட்டில் தூசு படிந்திருந்த பழைய மேசைக் கணினியை எடுத்து இயக்கினார். அதிலிருந்த பழைய ரைட்டர் அதே தகட்டை அடையாளம் கண்டுகொண்டது. மெதுவாக, ஏறக்குறைய ஒரு மணி நேரம் முயன்று, பதிவின் பெரும்பகுதியை அது மீட்டுத் தந்தது. சில இடங்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஆயினும் தந்தையின் குரல் கேட்டது.

பெண்மணி சென்றபின் கடைக்காரர் நம்மிடம் கேட்டார்: “இந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்னு தெரியலைங்க. புதுசா ஒரு ரைட்டர் வாங்கணும். எது மலிவு, எது நல்லதுன்னு நீங்களே ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.” அக்கணக்கையே இங்கு வாசகர்களின் முன் வைக்கிறோம்.

இன்றும் சி.டி. ரைட்டர் எதற்கு?

பென் டிரைவும் கைப்பேசியும் வந்தபின் குறுந்தகட்டின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் புகைப்பட நிலையங்களிலும், பள்ளி ஆண்டு விழாப் பதிவுகளிலும், ஸ்கேன் மையங்களிலும், வழக்கறிஞர் அலுவலகங்களிலும் தகடு இன்னும் வழக்கொழியவில்லை. ஒருமுறை எழுதிய தகட்டில் பின்னர் எவரும் திருத்தம் செய்ய இயலாது என்பது ஒரு காரணம். பல ரூபாய் மதிப்புள்ள பென் டிரைவை ஒவ்வொருவருக்கும் கொடுப்பதைவிடச் சில ரூபாய்த் தகட்டைக் கொடுப்பது எளிது என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை அத்திபெலேயில் கண்டோம்: இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தகடுகள் வீட்டு அலமாரிகளில் உள்ளன, அவற்றை வாசிக்கவேனும் ஒரு கருவி வேண்டும்.

எழுதக்கூடிய குறுந்தகட்டுக்கான இலக்கணத்தைப் பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1988-இல் ‘ஆரஞ்சு நூல்’ என்னும் பெயரில் வகுத்தன. தொடக்ககாலக் கருவிகள் பல்லாயிரம் டாலர் விலை பெற்றன. ஆயிரம் டாலருக்குக் குறைந்த முதல் கருவியை எச்.பி. நிறுவனம் 1995-இல் 995 டாலருக்கு வெளியிட்டது. அதன்பின் விலை சரிந்துகொண்டே வந்து, இன்று ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவுக்கு ரைட்டர் கிடைக்கிறது. இப்போது விற்பனையில் உள்ளவை பெரும்பாலும் டி.வி.டி. ரைட்டர்கள், சி.டி.யையும் அவையே எழுதும். எனவே ‘சி.டி. ரைட்டர்’ என்று கடையில் கேட்டாலும் கைக்கு வருவது டி.வி.டி. ரைட்டராகவே இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை.

கடையில் கிடைக்கும் மூவகை

பெங்களூரில் கணினி உதிரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு. இவ்விடங்களிலும் இணைய அங்காடிகளிலும் கிடைக்கும் குறைந்த விலை ரைட்டர்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேசைக் கணினியின் பெட்டிக்குள் பொருத்தும் முழு அளவுக் கருவி. சாட்டா இணைப்பில் இயங்கும். மின்சாரத்தைக் கணினியின் மின்வழங்கியிலிருந்தே நேரடியாகப் பெறும். சி.டி.யை 48 மடங்கு வேகம் வரை எழுதும்.

இரண்டாவது, எல்.ஜி., ஏசஸ் போன்ற அறிந்த நிறுவனங்களின் மெல்லிய வெளிக் கருவி. யு.எஸ்.பி. கம்பி ஒன்றே இதற்கு மின்சாரத்தையும் தரவையும் கொண்டு செல்லும். சி.டி.யை 24 மடங்கு, டி.வி.டி.யை 8 மடங்கு வேகம் வரை எழுதுவது இவ்வகையில் வழக்கம்.

மூன்றாவது, பெயர் தெரியாத நிறுவனங்களின் வெளிக் கருவி. தோற்றத்தில் இரண்டாவதைப் போலவே இருக்கும். விலை வெகுவாகக் குறைவு. பெட்டியின் மேல் ஒரு பெயரும், உள்ளேயுள்ள இயந்திரத்தைச் செய்தவர் வேறு ஒருவருமாக இருப்பது உண்டு. கருவியைக் கணினியில் இணைத்து, ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்தால் இயந்திரத்தின் உண்மையான மாதிரி எண் தெரியும். கடையிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டு வாங்குவது நன்று.

வேகம்: பெட்டியில் உள்ளதும் உண்மையில் கிடைப்பதும்

சி.டி.யில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 150 கிலோபைட்டு. இதன்படி 24 மடங்கு என்பது நொடிக்கு 3,600 கிலோபைட்டு. 48 மடங்கு என்பது 7,200 கிலோபைட்டு. ஒரு மடங்கில் எழுத 80 நிமிடம் ஆகும் தகட்டை 48 மடங்கில் எழுத இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை.

பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது உச்ச வேகம். தகடு ஒரே சீராகச் சுழலும்போது, மையத்துக்கு அருகில் எழுதும் வேகம் குறைவாகவும் விளிம்பை நெருங்க நெருங்க மிகுதியாகவும் இருக்கும். சராசரி வேகம் உச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தொடக்கத்திலும் முடிவிலும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், நிறைந்த தகடு ஒன்றை எழுத 48 மடங்குக் கருவிக்குச் சுமார் 3 நிமிடமும், 24 மடங்குக் கருவிக்குச் சுமார் 5 நிமிடமும் ஆகும். வேகம் இருமடங்கு என்று சொல்லப்பட்டாலும் மிச்சமாவது இரண்டு நிமிடமே. மாதம் 40 தகடு எழுதும் கடைக்கு அது 80 நிமிடம். ஆண்டுக்கு நான்கு தகடு எழுதும் வீட்டுக்கு அது பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

‘யு.எஸ்.பி. 3.0’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து கூடுதல் விலை கேட்பதும் உண்டு. 8 மடங்கு வேகத்தில் டி.வி.டி. எழுத நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்டு போதும். பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பே நடைமுறையில் இதைப்போல் இருமடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே புதிய இணைப்பினால் எழுதும் வேகம் கூடுவதில்லை. கூடுதலான மின்னோட்டம் கிடைப்பது மட்டுமே அதன் பயன். அதற்கும் கணினியின் துளை அவ்வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

செயல்திறன்: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

வேகம் பெரிய வேறுபாடு அன்று என்றால், விலைக்கு ஏற்ற வேறுபாடு எங்கே உள்ளது? எழுதும் தரத்திலும் வாசிக்கும் திறனிலும் உள்ளது.

வெற்றுத் தகட்டின் உள்ளே மெல்லிய சாயப் படலம் ஒன்று இருக்கிறது. ரைட்டரின் லேசர் ஒளி அச்சாயத்தைச் சூடாக்கிப் புள்ளிகளை உண்டாக்குகிறது, அப்புள்ளிகளே தரவு. எல்லாத் தகடுகளின் சாயமும் ஒன்றல்ல. ஒவ்வொரு தகட்டிலும் அதைச் செய்த நிறுவனத்தின் குறியீடு பதிந்திருக்கும். ரைட்டர் முதலில் அக்குறியீட்டை வாசித்து, தன் நினைவிலுள்ள பட்டியலில் தேடி, அத்தகட்டுக்கு எவ்வளவு ஆற்றலில், எந்த முறையில் எழுத வேண்டும் என்று முடிவு செய்யும். பின்னர், தகட்டின் உள்விளிம்பில் இதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் சிறிது எழுதிப் பார்த்து, லேசரின் ஆற்றலைச் சரிசெய்துகொள்ளும்.

இந்தப் பட்டியல் செம்மையாக இருந்தால் புள்ளிகள் தெளிவாக விழும். பட்டியலில் இல்லாத தகடு வந்தால் கருவி பொதுவான முறை ஒன்றைக் கையாளும். புள்ளிகள் மங்கலாக அமையக்கூடும். அறிந்த நிறுவனத்தின் கருவிக்குப் புதிய பட்டியலை மென்பொருளாக இறக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பெயர் தெரியாத கருவிக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

மங்கலாக எழுதப்பட்ட தகடு அன்றைக்கு ஓடிவிடும் என்பதே இதிலுள்ள இடர். தகட்டில் தரவுடன் பிழை திருத்தும் குறியீடுகளும் சேர்த்தே எழுதப்படுகின்றன. சிறு பிழைகளை வாசிப்பான் தானே திருத்திக்கொள்வதால் குறை நமக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாயம் மங்கும், கீறல்கள் சேரும், பிழைகள் பெருகும். திருத்தும் எல்லையை அவை கடந்ததும் தகடு ஒரே நாளில் ‘இறந்துவிட்டது’ போலத் தோன்றும். பத்தாம் ஆண்டில் வெளிப்படும் குறையின் விதை, பெரும்பாலும் எழுதிய அன்றே விழுந்ததாகும்.

வாசிக்கும் திறனும் கருவிக்குக் கருவி மாறுபடுகிறது. ஒரு கருவி கைவிட்ட தகட்டை இன்னொன்று வாசித்ததை அத்திபெலேயில் நேரில் கண்டோம். ஒரு கருவியில் ஓடவில்லை என்பதற்காகத் தகட்டைக் குப்பையில் எறிய வேண்டாம் என்பதே அன்று நாம் கற்ற முதற்பாடம்.

மின்சாரமும் ஒரு காரணி. வெளிக் கருவி, தகட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர். ஒரே துளையில் பல கருவிகளை மாட்டும் ஹப் வழியாகவோ மெல்லிய நீண்ட கம்பி வழியாகவோ இணைத்தால் கருவி இடையில் தடுமாறும். கணினியில் நேரடியாகப் பொருத்துவதே முறை. எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் தகடு வீணாகும் என்பதால், மேசைக் கணினி வைத்திருப்போருக்கு யு.பி.எஸ். இன்றியமையாதது.

இரண்டு ஆண்டுக் கணக்கு

இனி விலைக்கு வருவோம். சந்தை விலை அடிக்கடி மாறுவதால், கணக்குக்கு வசதியாக வட்டமான தொகைகளை எடுத்துக்கொள்வோம். பெயர் தெரியாத வெளிக் கருவி 1,200 ரூபாய். உட்பொருத்தும் கருவி 1,500 ரூபாய். அறிந்த நிறுவனத்தின் வெளிக் கருவி 2,500 ரூபாய். வெற்றுத் தகடு ஒன்று 20 ரூபாய் என்று கொள்வோம். கடை மாதம் 40 தகடு வீதம் இரண்டு ஆண்டுகளில் 960 தகடு எழுதும்.

பெயர் தெரியாத கருவியில் இருபதுக்கு ஒன்றும், மற்ற இரண்டில் நூற்றுக்கு ஒன்றும் வீணாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கைக் காட்டுவதற்காக நாம் கொண்ட எண்கள். உங்கள் கடையின் உண்மை எண்ணை ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதிவந்தாலே அறிந்துகொள்ளலாம்.

பெயர் தெரியாத கருவி: வீணாகும் தகடு 48, அவற்றின் விலை 960 ரூபாய், கருவியுடன் சேர்த்து 2,160 ரூபாய்.

உட்பொருத்தும் கருவி: வீணாகும் தகடு சுமார் 10, விலை 200 ரூபாய், மொத்தம் 1,700 ரூபாய்.

அறிந்த நிறுவனத்தின் வெளிக் கருவி: வீணாகும் தகடு சுமார் 10, விலை 200 ரூபாய், மொத்தம் 2,700 ரூபாய்.

விலைச்சீட்டில் முதலிடம் பெற்ற மலிவான கருவி, இரண்டு ஆண்டுக் கணக்கில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. மேசைக் கணினி வைத்திருக்கும் கடைக்கு உட்பொருத்தும் கருவியே சிக்கனம். அறிந்த நிறுவனத்தின் வெளிக் கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் ஆயிரம் ரூபாய், எடுத்துச் செல்லும் வசதிக்கான விலை. மடிக்கணினி மட்டும் வைத்திருப்போருக்கு அது நியாயமான செலவு, மற்றவர்க்குத் தேவையற்றது.

இக்கணக்கில் சேராத செலவு ஒன்றும் உண்டு. கடையில் வீணாகும் தகட்டின் இழப்பு 20 ரூபாயோடு முடிகிறது. வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்றபின் ஓடாமல் போகும் தகட்டின் இழப்பை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. திருமணத்தை மறுபடி நடத்திப் பதிவு செய்ய இயலாது அல்லவா?

வீட்டு உபயோகத்துக்கு ஆண்டில் சில தகடுகளே எழுதுவோருக்கு நம் அறிவுரை வேறு. அவர்கள் ரைட்டர் வாங்கவே வேண்டியதில்லை. நம்பகமான ஒரு கடையில் எழுதி வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தில் தரவைப் பாதுகாக்கும் வழியைத் தேடலாம்.

தகடும் தகுந்ததாக இருக்க வேண்டும்

நல்ல கருவியில் தரமற்ற தகட்டை இடுவது, நல்ல நிலத்தில் சொத்தை விதையைத் தூவுவதற்கு ஒப்பாகும். ஒருகாலத்தில் நம் நாட்டின் கடைகளில் எளிதாகக் கிடைத்த தகடுகளைச் செய்த மோசர் பேயர் நிறுவனம் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றது. இன்று எந்தப் பெயரில் வெற்றுத் தகடு வாங்கினாலும், அது எப்போது செய்யப்பட்ட சரக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். எழுதாத தகட்டின் சாயமும் காலப்போக்கில் கெடும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, வெற்றுத் தகடு 5 முதல் 10 ஆண்டு வரையே இருப்பில் தாங்கும் என்று எச்சரிக்கையுடன் மதிப்பிடுகிறது.

சி.டி.யின் சாயமும் உலோகப் படலமும், பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு வெகு அருகில், மெல்லிய பூச்சின் கீழ் உள்ளன. பளபளக்கும் அடிப்பக்கத்தையே நாம் கண்ணுங்கருத்துமாகக் காக்கிறோம்; உண்மையில் எளிதில் காயப்படுவது மேற்பக்கம். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலும், ஒட்டிய சீட்டை உரித்தெடுத்தாலும் தரவு அழியக்கூடும். நீர் கலந்த மையுள்ள மென்முனைப் பேனாவால், நடுவிலுள்ள ஒளிபுகும் வளையத்தில் எழுதுவதே பாதுகாப்பு. தகடுகளை வெயில் படாத, ஈரமற்ற இடத்தில், உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வாங்கும்போதும் எழுதும்போதும்

1. கருவிக்கு ஜி.எஸ்.டி. இரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெறுங்கள். பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் கருவியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

2. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெற்றுத் தகட்டையும், வாசிக்கக் கடினமான பழைய தகடு ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை எழுதியும் மற்றதை வாசித்தும் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

3. உச்ச வேகத்தில் எழுத வேண்டாம்; மிகக் குறைந்த வேகமும் வேண்டாம். இன்றைய தகடுகளின் சாயம் ஓரளவு வேகத்துக்கு ஏற்பவே அமைந்துள்ளது. 48 மடங்குக் கருவியில் 16 அல்லது 24 மடங்கு நல்ல நடுவழி.

4. எழுதி முடித்ததும் ‘வெரிஃபை’ என்னும் சரிபார்ப்பைத் தவறாமல் செய்யுங்கள். சில நிமிடம் கூடும். வீண் அலைச்சல் குறையும். முக்கியமான தகட்டை வேறொரு கருவியிலும் ஓட்டிப் பாருங்கள்.

5. வழக்குக்காகத் தகடு எழுதுவோர், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படியான சான்றிதழில் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிக்க வேண்டியிருப்பதால், வழக்கறிஞரைக் கேட்டபின் எழுதுங்கள்.

6. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்கள் உள்ள பழைய தகடுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். உறையிலிட்டுத் துண்டுகளாக வெட்டிய பின்னரே அகற்றுங்கள்.

7. எவ்வளவு நல்ல தகடாயினும் ஒரே பிரதியை நம்பியிருக்க வேண்டாம். ஒன்று தகட்டில், ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறொரு வீட்டில் என மூன்று பிரதிகள் இருக்கட்டும்.

சேமிப்பை ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம் என்று பணத்தைப் பற்றி நாம் சொல்லிவருவது நினைவுக்கும் பொருந்தும். ஒரு பொருளின் விலையை வாங்கும் நாளில் மட்டும் பாராமல், அது உழைக்கும் காலம் முழுவதற்கும் கணக்கிட வேண்டும் என்பதும் அவ்வாறே. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரைட்டருக்குப் போட்ட இக்கணக்கை, கடன் பெற்று வாங்கும் அச்சு இயந்திரத்துக்கும் ஒளிப்படக் கருவிக்கும் போட்டுப் பார்த்தால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

அத்திபெலே நண்பர் உட்பொருத்தும் கருவி ஒன்றை வாங்கினார். பழைய கணினியையும் அகற்றாமல், வாசிப்பதற்கென்றே வைத்திருக்கிறார். ஓசூர்ப் பெண்மணிக்கு அவர் இரண்டு தகடும் ஒரு பென் டிரைவும் கொடுத்தார். பென் டிரைவுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டார். மூன்றையும் கடையிலேயே ஓட்டிக் காட்டினாராம். முதல் தகட்டில் தந்தையின் குரல் வந்ததுமே, “போதுங்க அண்ணா, மிச்சத்தை வீட்ல போய்க் கேட்டுக்கறேன்” என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார். ஆனால் கடைக்காரர் விடவில்லை. இரண்டாவது தகட்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே உறையிலிட்டுத் தந்தார்.